அடுப்படி காத்த வரலாறு

மாநகர் ஒன்றின் பழமையை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது அருங்காட்சியகத்தையே. அங்கே காலங்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன; ஒவ்வொரு கல்லுக்கும் பெயர்ப்பலகை உண்டு. மெக்சிகோ நகரில் இந்நாளில் நடைபெறும் நகர் உலாக்கள் சில, இதனோடு மற்றொன்றையும் இணைத்துக் கொள்கின்றன. வழிகாட்டி ஒருவர் சிறு குழுவினரைக் காலையில் அருங்காட்சியகத்தினுள் அழைத்துச் செல்கிறார். நண்பகலில் அவர்களையே சந்தைக்கும் தெருவோர அடுப்புகளுக்கும் இட்டுச் செல்கிறார். கண்ணால் கண்ட வரலாற்றை நாவாலும் அறியச் செய்வது இவ்வுலாவின் நோக்கம்.

இதனைப் பயணிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். ஆனால் அந்நகரின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிப்போமானால், அருங்காட்சியகமும் அடுப்படியும் ஒரே நூலின் இரு பகுதிகள் என்பது புலப்படும். ஒரு பகுதியை மட்டும் படித்தவர் அம்மக்களை அறிந்தவராகார்.

புதையுண்ட கற்கள்

ஏரி நடுவே அமைந்த தீவொன்றில், 1325-ஆம் ஆண்டில் மெசிக்கா மக்கள் தெனோச்தித்லான் நகரை நிறுவினர் என்பது மரபு. இவர்களையே நாம் ஆஸ்தெக்கர் என்று பாடநூல்களில் படித்தோம். 1521 ஆகஸ்டு 13 அன்று அந்நகர், எர்னான் கொர்த்தேசின் இஸ்பானியப் படைக்கும், அவரோடு சேர்ந்து போரிட்ட உள்நாட்டு மக்களின் படைகளுக்கும் வீழ்ந்தது. கோவில்கள் இடிக்கப்பட்டன, அவற்றின் கற்களைக் கொண்டே புதிய நகர் எழுந்தது.

மண்ணுக்குள் போனவை எளிதில் வெளிவரவில்லை. 1790-ஆம் ஆண்டில் நகரின் பெருஞ்சதுக்கத்தில் தோண்டியபோது, கொவாத்லிக்குவே என்னும் அன்னைத் தெய்வத்தின் மாபெரும் கற்சிலை வெளிப்பட்டது. அது பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆனால் பழைய வழிபாடு மீண்டும் தலைதூக்குமோ என்னும் அச்சம் எழவே, அங்கேயே மறுபடியும் புதைக்கப்பட்டது. அறிஞர் ஹும்போல்ட் 1803-இல் அந்நாட்டிற்கு வந்தபோது அவர் காண்பதற்காக மட்டும் தோண்டி எடுத்து, பின்னர் மீண்டும் மண்ணிட்டு மூடினர். அதே 1790-இல் கிடைத்த சூரியக்கல் பேராலயக் கோபுரத்தின் சுவரில் பொருத்தப்பட்டு, 1885 வரை அங்கேயே இருந்தது. இன்னும் ஒரு கல் 1978 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மின்வாரியத் தொழிலாளர் பள்ளம் தோண்டுகையில் கொயோல்சௌக்கி என்னும் தெய்வத்தின் வட்டக்கல் தென்பட்டது. அதன் பயனாகப் பெருங்கோவிலின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டு, 1987-இல் அவ்விடத்திலேயே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கல்லைக் கண்டு அஞ்சியவர்கள் அதைப் புதைத்தார்கள். உணவை அவ்வாறு புதைக்க முடியவில்லை. வென்றவர்களும் நாள்தோறும் உண்ண வேண்டியிருந்தது; அவர்களுக்குச் சமைத்தவர்கள் பெரும்பாலும் தோற்ற இனத்தின் பெண்களே.

துறவி எழுதிய சந்தை

அந்நாளைய உணவைப்பற்றி நாம் விரிவாக அறிவதற்குக் காரணமாயிருந்தவர் ஒரு துறவி. தலாத்தெலோல்கோ என்பது தெனோச்தித்லானின் இரட்டை நகர். அதன் சந்தையில் நாள்தோறும் 60,000-க்கும் மேற்பட்டோர் வாங்கவும் விற்கவும் கூடினர் என்று கொர்த்தேஸ் 1520-இல் தம் அரசருக்கு எழுதினார். வெற்றிக்குப்பின் அங்கே பிரான்சிஸ்கன் சபையினர் 1536-இல் திருச்சிலுவைக் கல்லூரியை நிறுவினர். அதில் கற்பித்த பெர்னார்தீனோ தெ சகாகூன் அடிகளார், இலத்தீனும் இஸ்பானியமும் தம் தாய்மொழியாகிய நாவாத்திலும் அறிந்த உள்நாட்டு மாணவரின் துணையோடு, முதியோரிடம் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு நூல்களைத் தொகுத்தார். 1577-இல் முற்றுப்பெற்ற அத்தொகுப்பில் ஏறத்தாழ 2,500 ஓவியங்கள் உள்ளன. இன்று அது பிளாரன்ஸ் நகர நூலகமொன்றில் பேணப்படுகின்றது.

அடிகளாரின் முதல் நோக்கம், பழைய சமயத்தை அறிந்து அதனைக் களைவதே. இதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் அறியத் தொடங்கியவர் அன்பு கொள்ளாமல் இருக்க முடியவில்லை போலும். சந்தையில் உணவு விற்பவர் யார், நல்ல விற்பனையாளர் எப்படிச் சமைப்பார், தீயவர் எப்படி ஏமாற்றுவார் என்பனவெல்லாம் அவர் ஏடுகளில் இடம்பெற்றன. மக்காச்சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் 'தமால்' என்னும் பண்டத்தில் எத்தனை வகை என்பதும் உண்டு. 1577-இலேயே, உள்நாட்டு மக்களின் பழைய வழக்கங்களைப்பற்றி எவரும் எழுதலாகாது என்றும், அடிகளாரின் ஏடுகளைக் கைப்பற்றி அனுப்புமாறும் அரசாணை வந்தது. ஏடுகள் கடல் கடந்தன. அவற்றில் எழுதப்பட்ட தமாலோ, நம் ஊர்க் கொழுக்கட்டையைப்போல ஆவி பறக்க, இன்றும் விடியற்காலையில் அந்நகரின் தெருமுனைகளில் விற்கப்படுகின்றது.

கோதுமையும் சோளமும்

உணவிலும் உயர்வு தாழ்வு புகுந்தது. கோதுமை வென்றவரின் தானியமாயிற்று. திருப்பலிக்குரிய அப்பமும் கோதுமையால் ஆனதே. மக்காச்சோளம் தோற்றவரின் தானியமாயிற்று. தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிறுவிதைகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. அவ்விதைகளின் மாவைத் தேன்பாகில் பிசைந்து தெய்வ உருவங்கள் செய்து, அவற்றைப் பிட்டு உண்பது பழைய வழக்கம். நற்கருணையைத் தீயசக்தி போலியாகச் செய்து காட்டுவதாகவே, இயேசு சபைத் துறவி ஹோசே தெ அகோஸ்தா 1590-இல் வெளியான தம் நூலில் இதனைக் கருதினார். அவ்வழக்கம் தடுக்கப்பட்டது, பயிரும் பெரிதும் குன்றியது. எனினும் முற்றிலும் அழியவில்லை. இன்று நம் கடலைமிட்டாய் போன்ற வில்லைகளாக அவ்விதைகள் தெருக்களில் கிடைக்கின்றன. அதன் பெயர் 'அலெக்ரியா'. மகிழ்ச்சி என்பது பொருள்.

மக்காச்சோளத்தை இகழ்ந்தவர்கள் அதனோடு சேர்ந்த அறிவையும் இழந்தார்கள். அந்நாட்டுப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலகற்றி, நம் அம்மியை ஒத்த கல்லில் அரைத்து, தட்டி, வட்டக்கல்லில் சுட்டெடுப்பர். சுண்ணாம்பு சேர்ப்பதால் தானியத்தினுள் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிடைக்கின்றது. ஐரோப்பியர் விதையை எடுத்துச் சென்றனர். இம்முறையை எடுத்துச் செல்லவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே, தோல் வெடித்து, மதி மயங்கி, உயிர் போக்கும் பெல்லாகரா நோய் பரவியது. இஸ்பானியாவின் வடபகுதியில் அதனை மருத்துவர் காஸ்பர் கசால் 1735-இல் கண்டு விவரித்தார். வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலும் அது பேரழிவு விளைவித்தது. எழுத்தறியாப் பெண்களின் கையறிவைக் கேட்டறியாமற் போனதற்கு உலகம் கொடுத்த விலை இது.

இத்தனைக்குப் பின்னும் இகழ்ச்சி ஓயவில்லை. 1899-இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்னும் மெக்சிகோ அரசியலாளர், மாந்தரைக் கோதுமை உண்போர், அரிசி உண்போர், மக்காச்சோளம் உண்போர் என மூவகைப்படுத்தி, கோதுமை உண்போரே முன்னேறுவர் என்று நூல் எழுதினார். அரிசி உண்ணும் நாமும் அவர் கணக்கில் பின்தங்கியவர்களே! அக்காலத்துச் செல்வர் பிரெஞ்சு உணவைப் பெருமையெனக் கொண்டனர். காலம் பிறகு ஒரு தீர்ப்பை வழங்கியது. 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிகோவின் மரபு உணவை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பிரெஞ்சு விருந்து முறையும் அதே ஆண்டில், அதே பட்டியலில் இடம்பெற்றது.

இவ்விரு மரபுகளும் மோதியதை மட்டும் சொன்னால் கதை நிறைவுறாது. கலந்ததையும் சொல்ல வேண்டும். அக்கலப்புக்குக் களமாக இருந்தவற்றுள் கன்னியர் மடங்களின் சமையலறைகள் குறிப்பிடத்தக்கவை. மிளகாயும் கொக்கோவும் உள்நாட்டின. இலவங்கமும் பட்டையும் கடல் கடந்து வந்தவை. இவையெல்லாம் சேர்ந்த 'மோலே' என்னும் குழம்பு, புவெப்லா நகரின் புனித ரோசா மடத்தில் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அம்மடத்தின் ஓடு பதித்த சமையலறை இன்றும் மக்கள் காணுமாறு பேணப்படுகின்றது. மெக்சிகோ நகரின் புனித ஜெரோம் மடத்தில் வாழ்ந்த கவிஞர் சகோதரி ஹுவானா, இயற்கையின் இரகசியங்களை அடுப்படியிலும் கற்கலாம் என்று 1691-இல் எழுதிய மடலில் வாதிட்டார். அம்மடம் இன்று ஒரு பல்கலைக்கழகம். சமையற்கலையும் அங்கே பாடமாக உள்ளது.

மேல் மாடியும் தெருவோரமும்

அருங்காட்சியகம் ஒரு மக்களைப் போற்றும்போதே அவர்களிடமிருந்து எடுக்கவும் கூடும். சாப்புல்தெப்பெக் பூங்காவில் 1964-இல் திறக்கப்பட்ட தேசிய மானிடவியல் அருங்காட்சியகம் உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அதன் வாயிலில் நிற்கும் மழைத்தெய்வச் சிலை 160 டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அது கொவாத்லிஞ்சான் என்னும் சிற்றூரிலிருந்து கொணரப்பட்டது. ஊரார் எதிர்த்தனர், சிலையேற்ற வந்த வண்டியைப் பழுதாக்கினர், படைவீரர் வந்த பின்னரே சிலை நகர்ந்தது. அந்த ஏப்ரல் 16 அன்று, மழைக்காலம் தொடங்குமுன்பே நகரில் பெருமழை கொட்டியதென்று மக்கள் இன்றும் சொல்வர்.

அவ்வருங்காட்சியகத்தின் அமைப்பும் சிந்திக்கத்தக்கது. கீழ்த்தளத்தில் மறைந்த பேரரசுகளின் எச்சங்கள்; மேல் மாடியில் இன்று வாழும் பழங்குடி மக்களின் வீடும் உடையும் பாத்திரங்களும். கீழ்த்தளத்துச் சூரியக்கல்லைக் கண்டு களைத்தவர் பலர் மேலே ஏறுவதில்லை. இறந்துபோன ஆஸ்தெக்கரைப் பெருமையோடு கொண்டாடுவதும், அவர் வழித்தோன்றலைச் சந்தையில் ஏறெடுத்தும் பாராததும் ஒரே நாளில் நிகழக் கூடியவை. மானிடவியலறிஞர் கில்யெர்மோ போன்ஃபில் பதாயா இம்முரண்பாட்டையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். 1982-இல் அவர் கொயோவகானில் மக்கள் பண்பாட்டு அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, முதற்காட்சியின் பொருளாகத் தேர்ந்தது மன்னரையோ போரையோ அன்று; மக்காச்சோளத்தையே.

அச்சோளத்தை விளைவிப்போரின் நிலை என்ன? 1994-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடு நடைமுறைக்கு வந்தபின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மலிவான சோளம் பெருமளவில் வந்திறங்கியது. சிறு உழவர் பலர் நிலத்தை விட்டகன்றனர். 2025-இல் மெக்சிகோ தன் அரசியலமைப்பைத் திருத்தி, மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடுவதைத் தடைசெய்தது. சோளத்தை விற்போரின் நிலையும் எளிதன்று. 2007-இல் நகரின் வரலாற்று மையத் தெருக்களிலிருந்து நடைபாதை வணிகர் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டனர். பழைய கட்டடங்கள் அழகுற வேண்டும் என்பது காரணம். உயிருள்ள மரபை அகற்றிவிட்டு உயிரற்றதைப் பேணும் இடர் எந்நாட்டிற்கும் உண்டு.

ஆகவே அருங்காட்சியகத்தையும் சந்தையையும் இணைக்கும் உலாவை நாம் வரவேற்கிறோம், ஒரு நிபந்தனையோடு. சந்தைப் பெண்மணி தட்டும் நீலச்சோள அடை, காலையில் கண்ட அம்மிக்கல்லின் தொடர்ச்சி என்பதை வழிகாட்டி எடுத்துரைக்க வேண்டும். அவளுடைய உழைப்புக்குரிய விலை அவள் கையைச் சேர வேண்டும். அவளைக் காட்சிப்பொருளாக்கிப் படமெடுத்துக்கொண்டு நகர்வதாயின், 1964-இல் அச்சிற்றூருக்கு நேர்ந்ததையே சிறிய அளவில் நாமும் செய்தவராவோம்.

இக்கடனில் தமிழராகிய நமக்கும் பங்குண்டு. நம் குழம்பிலுள்ள மிளகாயும் தக்காளியும் அம்மண்ணில் பண்படுத்தப்பட்டுக் கடல் கடந்து வந்தவை. சப்போட்டா என்று நாம் வழங்கும் பழத்தின் பெயரே நாவாத்தில் மொழியின் 'சபோத்ல்' என்னும் சொல்லிலிருந்து திரிந்ததாகும். அந்நகருக்குச் செல்லும் வாய்ப்பு நம்முள் எவர்க்கேனும் கிட்டுமாயின், சந்தையில் உண்டு முடித்தபின் மீண்டும் ஒருமுறை அருங்காட்சியகத்தின் மேல் மாடிக்கு ஏறுவது நன்று. அங்கே அடுக்கப்பட்டுள்ள மண்கலங்களும் அரைகல்லும் அப்போது புதியனவாய்த் தோன்றா. சற்றுமுன் நமக்கு உணவிட்ட கைகளை அவற்றின்மீது காண்போம்.