கிணற்றுக் குளோரினும் புற்றுநோய்ப் பயமும்: பாதியில் நின்ற ஒரு வரலாறு



மாரி வெள்ளம் வடிந்ததும் நம்மூரில் கிணற்றுக்குக் குளோரின் போடும் பேச்சு வரும். கூடவே "அது புற்றுநோய் கொண்டுவருமாமே" என்ற பேச்சும் வரும். அது வெறுங்கதையல்ல. ஆனால் அதன் வரலாற்றை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

1908 இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரக் குடிநீரில் ஜோன் லீல் என்ற வைத்தியர், யாரிடமும் அனுமதி கேட்காமல், குளோரின் சேர்த்த சுண்ணாம்பைக் கலந்தார். விடயம் நீதிமன்றம் வரை போய், அவர் செய்தது சரியென்றே முடிந்தது. நாம் இன்று கிணற்றில் போடும் தூள் அதன் உறவுதான். தைபொயிட்டும் வாந்திபேதியும் எத்தனையோ நகரங்களில் அதனால் அடங்கின.

66 ஆண்டுகள் கழிந்தன. 1974 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில், நீர் வழங்கல் நிலைய இரசாயனவியலாளர் ஜொஹானஸ் றூக், குளோரின் இட்ட பிறகு ஆற்று நீரில் குளோரோபோம் உருவாவதைக் கண்டுபிடித்தார். உக்கிய இலைதழை கரைந்து தண்ணீர் தேயிலைச் சாயம்போல் மங்குமே, அந்தச் சேதனப் பொருள்தான் குளோரினுடன் தாக்கமடைகிறது. 1976 இல் குளோரோபோம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது தெரியவந்தது. 1979 இல் அமெரிக்கா இவ்வகைப் பொருள்களுக்கு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. குளோரினை மட்டும் நிறுத்தவில்லை. நம் பேச்சில் விடுபடுவது இந்த இடம்தான்.

2004 டிசம்பர் 26 ஐ நினைத்துப் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைட்டு உண்டு. குளோரின் அதைப் புரோமினாக மாற்றும். புரோமின் சேதனப் பொருளுடன் இன்னும் வேகமாகச் சேர்ந்து புரோமோபோம் போன்றவற்றை உண்டாக்கும். அப்படியிருந்தும் அன்று குளோரின் வேண்டாமென்று சொல்லியிருக்க முடியுமா? வாந்திபேதி சில நாட்களில் உயிரெடுக்கும். இந்தப் பொருள்களின் ஆபத்தோ பல்லாண்டு குடிப்பதில் சிறிது சிறிதாகச் சேர்வது. இவற்றுக்குப் பயந்து கிருமிநீக்கத்தைக் கைவிடக்கூடாது என்றே உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்கிறது.

ஆகவே ஒழுங்குதான் முக்கியம். சவளக்கடைப் பக்கம் வயல் வெள்ளம் புகுந்த கிணறென்றால் முதலில் வைக்கோல், இலை, சேற்றை அள்ளுங்கள். பிறகு இறைத்து, ஊறும் தண்ணீர் தெளிந்த பின்னரே குளோரின். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கலங்கல் தண்ணீருக்கு இரட்டிப்பாய்க் கொட்டுவதுதான் றூக் கண்ட பொருளை வளர்க்கும். கரையோரத்தார் மட்டும் அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம், அடியிலுள்ள உப்பு மேலேறும்.

பள்ளிவாசல் ஹவுளுக்கும் இதேதான்: உதிர்ந்த இலையை அள்ளிவிட்டுத்தான் குளோரின்.