நட்டும் போல்ட்டுமாய் ஒரு கார்

பழைய கார் ஒன்றை வீட்டிலேயே பிரித்துப் பூட்ட ஆசைப்படுகிறவர் யோசனை கேட்டால், ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். அம்பாசடரின் கம்பீரமோ ஃபியட்டின் ரசிகர் கூட்டமோ அதற்குக் கிடையாது. ஆனால் ஒரு பெட்டி ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தனி ஆளாகக் கடைசி திருகுவரை கழற்றிவிடலாம். அப்படி அது அமைந்ததற்குக் காரணம், பிறப்பதற்கு முன்பே அதற்கு நேர்ந்த ஒரு பின்னடைவு.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் தன் கார்களுக்கான பாடியை வெளியாரிடம் வாங்கிவந்தது. பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. விலைக்கு வாங்கியது. அடுத்து வரும் மாடலுக்கு அங்கிருந்து பாடி கிடைக்காது என்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் மற்ற நிறுவனங்களெல்லாம் பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே இருக்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்கு ராட்சத பிரஸ்கள் வேண்டும். ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபின் கைக்கு எட்டியவை சிறிய பட்டறைகள்தான். பொறியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார்: கீழே தனிச் சேஸிஸ், மேலே துண்டு துண்டாகப் பாடி, அத்தனையையும் போல்ட் போட்டு இணைப்பது. கூரை, கதவு, பானெட், பின்பகுதி என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

வடிவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் துரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிரையம்ஃப் ஹெரால்டு அறிமுகமானது. 948 சி.சி. இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். வேகத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மற்ற விஷயங்களில் அது தன் காலத்தை முந்தியிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்தே முன்னால் சாயும். முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

1961இல் அந்தக் கார் மெட்ராஸுக்கு வந்தது. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வான்கார்டு போன்ற வண்டிகளை ஏற்கெனவே இங்கே பூட்டிக்கொண்டிருந்தது. ஹெரால்டு இங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் ஓடியது. கோவென்ட்ரி தன் ஹெரால்டுக்கு 1147, பிறகு 1296 சி.சி. என்று இன்ஜினைப் பெருக்கிக்கொண்டே போக, மெட்ராஸ் அதே 948இல் நின்றது. மாற்றமெல்லாம் வேறு இடத்தில் நடந்தது. இரண்டு கதவுக் காரில் பாட்டியும் அத்தையும் முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறுவது நம் குடும்பங்களுக்கு ஒத்துவரவில்லை. 1968 வாக்கில் வந்த மார்க் III, நான்கு கதவோடு வந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு கடைசிவரை வரவே இல்லை.

பின்பக்கத்துத் தனி சஸ்பென்ஷனும் இங்கே நல்ல பெயர் வாங்கவில்லை. பாரம் ஏறினால் பின்சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். வளைவில் வேகமாகப் போனால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். மெக்கானிக்குகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த அடுத்த மாடலான கெஸல், அதே 948 இன்ஜினோடு, பின்னால் சாதாரண அச்சுடன் வந்தது. 1977 வாக்கில் அதுவும் நின்றது. 1985இல் ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வான்கார்டு வழி இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது எடுபடவில்லை. 1980களின் கடைசியில், மெட்ராஸை அடுத்த வண்டலூரில் இருந்த அந்த நிறுவனத்தின் ஆலை மூடப்பட்டது.

ஆலை போன பிறகு வண்டிகள் அனாதையாயின. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குக் கிடைத்தது, மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே நின்ற ஒரு மார்க் III. "எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி, உள்ள பாம்பு அடையுது" என்றார் வீட்டுக்காரம்மா. ஆர்.சி. புத்தகத்தைப் பீரோவிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். வண்டியைவிட அதுதான் முக்கியம் என்பதைப் பழைய கார் வாங்குகிற எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்யக்கூடாத காரியம் சாவியைத் திருகுவது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வாங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு: ஒருவர் கிளட்சை மிதிக்க இன்னொருவர் இன்ஜினின் முன்புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த வாஷர் கழன்று விழுந்தால் பிளாக்கே பாழாகும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் விலை பேசக்கூடாது.

பிறகு கழற்றும் படலம். கதவுகள், பானெட், கூரை, பின்பாடி என்று ஒவ்வொன்றாக இறங்க, கல்யாண மண்டபத்துப் பந்தலைப் பிரித்ததுபோல வாசல் முழுக்க வண்டி பரவிக் கிடக்கும். "இதுல வெல்டிங் வேலைய விட ஸ்பானர் வேலதான் சார் அதிகம்" என்றார் எங்கள் தெரு டிங்கர் பாய். அம்பாசடரில் அடிப்பகுதி துருப்பிடித்தால் பாடியையே வெட்ட வேண்டும். ஹெரால்டில் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சேஸிஸை மட்டும் தனியாக உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். முதலில் துரு பிடிப்பது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான். அவற்றை வெட்டிப் புதிய தகடு வைப்பது ஊர்ப் பட்டறைக்குப் பெரிய காரியமில்லை.

கழற்றுவது எளிது, பூட்டும்போதுதான் ஹெரால்டு பழிவாங்கும். துண்டுகளை எங்கெங்கோ செய்து இணைத்த கார் என்பதால், கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒருபக்கம் விரல் நுழையும், மறுபக்கம் தாள் நுழையாது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகி, இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கித்தான் நேராக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் முழு வண்டியையும் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பட்டி பூசி மறைத்த இடைவெளி அடுத்த மழைக்காலத்திலேயே வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் காரில் உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு. முன்சக்கரம் திரும்புகிற கீழ்மூட்டு, டிரன்னியன். பித்தளைக் கூட்டுக்குள் எஃகு மரை சுழலும். அதற்கு கியர் பெட்டிக்குப் போடுகிற 90 எண் எண்ணெய்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் இடுக்குக்குள் சரியாகப் போகாது. உலர்ந்த மரை துருப்பிடித்து, ஒருநாள் முறிந்து, ஓடுகிற வண்டியின் சக்கரம் மடங்கிவிடும். நம் சர்வீஸ் நிலையங்களில் நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் கன்னை நீட்டுவது வழக்கம். அதனால் பழைய ஹெரால்டு எது வந்தாலும் இந்த மூட்டைப் பிரித்துப் பார்க்காமல் தெருவில் இறக்கக்கூடாது.

உதிரி பாகத்துக்குச் சென்னையின் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இன்னும் கைகொடுக்கின்றன. கிடைக்காதவற்றுக்கு இங்கிலாந்து இருக்கிறது. ஹெரால்டின் சேஸிஸையும் முன்சஸ்பென்ஷனையும் அடிப்படையாக வைத்துத்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் கார் 1962இல் பிறந்து 1980வரை ஓடியது. அதற்கு ரசிகர்கள் உலகம் முழுக்க இருப்பதால், நம் வண்டியின் டிரன்னியனும் புஷ்களும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

சரி, வண்டியை எவ்வளவு மாற்றலாம்? கொஞ்சம் மாற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பெட்ரோலே மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது. ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான இருக்கைகளைப் பதித்துக்கொள்வது உத்தமம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃபிரத்தையும் அது அரித்துவிடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தால் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்காது. ஆரம்பகால ஹெரால்டுகள் பாசிட்டிவ் எர்த் என்பதால் ஒயரைத் தொடும் முன் பாட்டரி எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக்குக்கு ஒரே சுற்றுதான்; எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது.

இதைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனத்தை 'வி.ஏ.' வரிசை எண்ணோடு விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினமும் அலுவலகம் போக முடியாது.

கோவென்ட்ரியின் காருக்கு இரண்டு கதவைக் கூட்டியும் அச்சை மாற்றியும் மெட்ராஸே அதைத் திருத்தியது, நாம் திருத்தினால் என்ன என்று சில நண்பர்கள் கேட்பார்கள். மெட்ராஸ்காரர்கள் ஆலை, வரைபடம், சோதனை எல்லாம் வைத்துக்கொண்டு செய்தார்கள். வீட்டில் செய்கிறவருக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: போல்ட் போட்டு மாட்ட முடிகிற மாற்றத்தைச் செய்யுங்கள், வெட்டி வெல்டிங் வைக்கிற மாற்றத்தைச் செய்யாதீர்கள். அடுத்து வருகிறவர் பழையபடி ஆக்க நினைத்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிய வேண்டும்.

உங்கள் ஊரில், தாத்தா வீட்டுக் கொட்டகையில், ஒரு ஹெரால்டு நிற்கலாம். காயலான் கடைக்குப் போடும் முன் ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். வண்டி தேறாது என்றே முடிவானாலும் நான்கு கதவு மாடலாக இருந்தால் பின்கதவு இரண்டையும் கழற்றி, தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள். மற்ற பாகங்களில் பெரும்பாலானவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிடலாம். அந்தக் கதவுகள் மெட்ராஸைத் தவிர உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை.