கதியாலும் குத்தூசியும்

பஞ்சாங்கத்தில் ஆண்டு சித்திரையிலே பிறக்கிறது. எங்கள் முன்னோரின் வீட்டு வேலைகளுக்கோ ஐப்பசி மழைதான் கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மானிப்பாய்க்கு அயலே ஓடும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். அதற்கு முன்னர் கூரை வேய்ந்தாக வேண்டும், வேலி அடைத்தாக வேண்டும், கிணறு இறைத்துச் சேறு அள்ளியாக வேண்டும். பெண்களுக்குக் கிடுகு பின்னலும் திண்ணை மெழுகலும் தனிக் கணக்கு.

இவற்றுள் வேலிதான் வரலாறு மிகுந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை மாரி ஈரத்தில் நட்டால் அவை வேர்விட்டுக் கதியாலாகும். அவற்றின் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். பனையோலையை வெட்டி, மிதித்து, அடுக்கி, பாரம் வைத்துத் தட்டையாக்கிக் கதியாலோடு சேர்த்துக் கட்டுவார்கள். கட்டுவதற்குக் குத்தூசி வேண்டும். நுனியில் துளையுள்ள நீண்ட ஊசி அது. ஒருவர் இந்தப் பக்கம் நின்று குத்த, மற்றவர் அந்தப் பக்கம் நின்று கயிற்றை வாங்கித் திருப்பிக் கோத்து விடுவார். அந்தப் பக்கம் என்பது அயலவரின் வளவு. ஆகவே, "அண்ணை, நாளைக்கு வேலி அடைக்கப் போறம், உங்கட பக்கம் ஒராள் நிக்கலாமோ?" என்று கேட்காமல் வேலை தொடங்காது. ஆறு மாதம் பேசாதிருந்தவர்களும் அன்றைக்குப் பேசியாக வேண்டும். சில இடங்களில் அந்தப் பேச்சே சண்டையாகி நீதிமன்றம் வரை போனதும் உண்டு. ஒரு கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டால் போதும்.

வேலி ஏன் இவ்வளவு பெருகியது? 1707 இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த தேசவழமையைப் பார்த்தால் ஒரு காரணம் புலப்படும். பெண்பிள்ளைகளுக்குக் காணி சீதனமாகப் போயிற்று. பிரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புது எல்லை, ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு வேலி. உக்கிய ஓலையும் வீணாகவில்லை. புகையிலைத் தோட்டத்துக்கு எருவாயிற்று.

இதை ஒரு பொற்காலம் என்று பாட எனக்கு மனமில்லை. மரமேறி ஓலை வெட்டியவரும், கூரைமேல் நின்று வேய்ந்தவரும் பெரும்பாலும் சாதியின் பெயரால் முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்குத் தேநீர் சிரட்டையில் வந்தது.

கிணற்றுக்கு வருவோம். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல்; மேலே ஊற்றியது கீழே இறங்கும். 1848 முதல் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உடல்நலம் பேணும் கல்விக்குத் தமிழில் 'உற்பாலனம்' என்ற சொல்லை வழங்கினார். கொள்ளைநோய் அடிக்கடி வந்துபோன நூற்றாண்டு அது. அழகான சொல், வழக்கில் நிலைக்காமற் போயிற்றே என்று தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு குறை. கோடை முடிவில் நீர் அடியிறங்கும் நாள் பார்த்துச் சேறு அள்ளிய எங்கள் கிழவர்களுக்கு, அந்தச் சொல் தெரியாமலே காரியம் தெரிந்திருந்தது.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். ஐப்பசி மாதம்; அவ்வாண்டு மாரி ஆளில்லாத வீடுகளின்மேல் பெய்தது. 1996 இல் திரும்பி வந்தபோது ஓலை உக்கி விழுந்திருக்க, கதியால்கள் மட்டும் தழைத்து மரமாகி நின்றன. எந்த வளவிலிருந்தும் எந்த வளவுக்கும் நடந்து போகலாம். கிணற்றைத்தான் முதலில் இறைத்தோம். வேலிக்கு ஓலை கிடைக்கவில்லை. பனைகளில் எத்தனையோ காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டுவிட்டன. பலர் தகரம் வைத்து மறைத்தார்கள். கைக்குக் காசு வந்தபின் மதில் கட்டினார்கள். மதிலுக்குக் குத்தூசி வேண்டாம். அண்மையில் வகுப்பிலே கேட்டேன். கதியால் என்ற சொல் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. குத்தூசி ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓட்டு வீட்டுக்கும் மாரிக்கு முன்னர் வேலை இருக்கத்தான் செய்கிறது. பீலியில் அடைந்த சருகை அள்ள வேண்டும், விலகிய ஓட்டைச் சரிசெய்ய வேண்டும். கிணறு இறைப்பு மோட்டார் வந்தபின் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. சேறு அள்ளுவதற்கு மட்டும் இன்னும் ஒருவர் உள்ளே இறங்கியாக வேண்டும். மேலே நின்று கயிறு பிடிக்க இன்னொருவரும் வேண்டும்.