300 பவுண்டு சம்பளத்துக்கு இத்தனை போட்டியா?

லண்டன் லீடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. அங்கே உட்கார்ந்து நம்ம ஊரை ஆண்டவங்க 24 இயக்குநர்கள். இதில் ஒருத்தரா ஆகணும்னா முதலில் 2,000 பவுண்டுக்குக் கம்பெனிப் பங்கு கையில் இருக்கணும். அப்புறம் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். 1773 சட்டத்துக்குப் பிறகு 1,000 பவுண்டு பங்குக்கு ஒரு ஓட்டு, 10,000 பவுண்டு வைத்திருந்தால் நாலு ஓட்டு. பெண் பங்குதாரர்களுக்கும் ஓட்டு உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் அவங்களுக்கு அது கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகுது! அதனால வேட்பாளர் வீடு வீடா ஏறி இறங்குவார், கடிதம் எழுதுவார், பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார். சிலர் வருஷக்கணக்கில் இப்படி அலைஞ்சிருக்காங்க.

இவ்வளவும் செஞ்சு ஜெயிச்சவருக்கு 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிடைத்த சம்பளம் வருஷத்துக்கு 300 பவுண்டு. பங்குக்கு வட்டி மாதிரி வரும் லாபம் இயக்குநர் ஆகாமலே கிடைக்கும். அப்போ எதுக்கு இந்த அலைச்சல்?

வேலை போட்டுக் கொடுக்கும் உரிமைக்காகத்தான். கம்பெனியில் சேரும் இளம் குமாஸ்தாவுக்கு 'ரைட்டர்' என்று பேர் (நம்ம போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சொல் இன்னும் உயிரோட இருக்கு). அந்த ரைட்டர்தான் பிற்பாடு கலெக்டர், நீதிபதி, கவுன்சில் உறுப்பினர் எல்லாம் ஆவார். ஒவ்வொரு வருஷமும் எத்தனை ரைட்டர், எத்தனை ராணுவக் கேடட் தேவை என்று கணக்குப் போட்டு, அதை 28 பங்காகப் பிரிப்பாங்க. தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் இரண்டிரண்டு. கம்பெனியைக் கண்காணிக்க அரசாங்கம் 1784இல் வைத்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் இரண்டு. மீதி 22 பேருக்கு ஆளுக்கு ஒன்று. நாசூக்கான கணக்கு. கண்காணிக்க வேண்டியவருக்கும் பங்கு!

இந்த வேலைகளை விற்கக்கூடாது என்று இயக்குநர்கள் சத்தியம் செய்யணும். பெரும்பாலானவங்க விற்கவும் இல்லை. விற்கிற அவசியமே இல்லையே. தங்கை மகனுக்கு ஒன்று, ஓட்டுப் போட்ட வங்கிக்காரர் மகனுக்கு ஒன்று, நாளைக்கு உதவக்கூடிய எம்.பி. சிபாரிசு செய்த பையனுக்கு ஒன்று. காசு கை மாறாது, கடன்பட்டவங்க எண்ணிக்கை மட்டும் கூடும். காசு கை மாறிய சங்கதிகளும் வெளிவந்தது. 1809இல் பாராளுமன்றக் குழு விசாரித்தபோது, ஒரு இயக்குநர் தன் உறவினருக்குக் கொடுத்த ரைட்டர் பதவிகள் தலா சுமார் 3,500 பவுண்டுக்கு விலை போயிருந்தது தெரிந்தது. இயக்குநருக்கு அது தெரியாது என்று குழு நம்பியது. பங்குதாரர்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனா வேலை கொடுக்கும் ஆசை மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது. லாரன்ஸ் சுலிவனை எடுத்துக்குங்க. பம்பாயில் வேலை பார்த்துத் திரும்பியவர், 1755இல் இயக்குநர், 1758இல் தலைவர். கம்பெனிக் கணக்கு வழக்கு அவர் அளவுக்குத் தெரிந்தவங்க அப்போ குறைவு. ராபர்ட் கிளைவ் மீர் ஜாஃபரிடம் வாங்கிய ஜாகீரில் வருஷம் 27,000 பவுண்டு வந்துக்கிட்டிருந்தது. 1763 தேர்தலில் சுலிவனைக் கவிழ்க்கக் கிளைவ் பங்குகளை வாங்கி, ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டுகளை உண்டாக்கினார். எதிர்த்தரப்பும் அதையே செய்தது. கிளைவ் தோற்றார், ஜாகீர் பணம் நின்றது. அடுத்த வருஷம் சுலிவன் பிடி தளர்ந்ததும் அதே ஜாகீர் பத்து வருஷத்துக்கு உறுதியானது. வங்காளத்து விவசாயி கட்டும் வரி யாருக்குப் போகணும் என்பது லண்டனில் இரண்டு பேருக்குள்ள நடந்த வீம்பில் முடிவானது.

1769இல் கம்பெனிப் பங்கு விலை சரிந்தபோது சுலிவன் சொத்து போச்சு. அதுக்கப்புறமும் நாற்காலிக்கான போராட்டத்தை அவர் விடவில்லை. எனக்கு இந்த இரண்டாவது சுலிவன்தான் முக்கியமாப் படுது. முதலில் அதிகாரத்துக்காக உட்கார்ந்த மனுஷன், இப்போ குடும்பத்தைக் கரையேத்த உட்காரப் பார்க்கிறார். மகன் ஸ்டீபனுக்கு 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபின் ஒப்பந்தத்தைக் கொடுத்தார். மகன் அதைத் தானே நடத்தவில்லை, 40,000 பவுண்டுக்கு இன்னொருத்தருக்கு விற்றார். ஹேஸ்டிங்ஸ் மேல் பிற்பாடு வந்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று.

நம்ம பக்கத்துக் கதை ஆற்காடு நவாப் முகமது அலியின் கடன். பால் பென்ஃபீல்டு மாதிரி மதராஸ் கம்பெனி ஊழியர்களே நவாபுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்தாங்க. அவங்களும் அவங்க ஆட்களும் லண்டனில் பங்கு வாங்கினாங்க, பாராளுமன்றத்தில் இடம் பிடிச்சாங்க. கொடுத்த கடனைக் காப்பாத்திக்க அதைவிடப் பெரிய காவல் எது? இங்கே ஒரு நியாயம் சொல்லணும். 1784இல் இயக்குநர்கள் இந்தக் கடன்களை விசாரிக்கணும்னுதான் எழுதினாங்க. அதை ஒதுக்கி, விசாரணை இல்லாமலே தீர்க்கச் சொன்னது கட்டுப்பாட்டு வாரியம். கர்நாடக வருவாயிலிருந்து வருஷம் 12 லட்சம் வராகன். எட்மண்ட் பர்க் 1785இல் பாராளுமன்றத்தில் இதைக் கிழித்துப் பேசினார், பலன் இல்லை.

கடைசியா சார்லஸ் கிரான்ட். 1776இல் வங்காளத்தில் இருந்தபோது இரண்டு பெண் குழந்தைகளையும் அம்மைக்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தில்தான் தீவிர மதப்பற்று வந்தது. 1794இல் இயக்குநர், 1805இல் தலைவர். லஞ்சம் வாங்கினார்னு யாரும் சொல்ல முடியாது. 1809 விஷயத்தில் கண்டிப்பா நின்றவர்களில் அவரும் உண்டு. ஆனா கம்பெனியின் பாதிரிப் பதவிகளில் தன் கொள்கைக்காரங்களை உட்கார வைத்தார், ஹென்றி மார்ட்டின் அப்படி வந்தவர்தான். 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிறகு, மதமாற்ற பயம்தான் காரணம், மிஷனரிகளைத் தடுக்கணும் என்று லண்டனில் குரல் எழுந்தபோது, துணைத்தலைவராக இருந்து அதை முறியடிச்சவரும் அவரே. தலைப்பாகை உத்தரவுதான் காரணம் என்பது அவர் தரப்பு. அதில் உண்மை இருக்கு. ஆனா அப்படி இருக்கணும்னு அவர் மனசு விரும்பியதும் உண்மை.

சுலிவனைவிடக் கிரான்ட் நல்லவர்னு எழுதிட்டுப் போவது சுலபம். நான் தயங்குறேன். இரண்டு பேர் கையிலும் இருந்த ஆயுதம் ஒண்ணு: தன் ஆளை அங்கே அனுப்பலாம், யாரையும் கேட்க வேண்டாம். வேலூரிலோ வங்காளத்திலோ இருந்த யாருக்கும் அந்த 24 பேரைத் தேர்ந்தெடுப்பதில் ஓட்டு இல்லை.

1853 சட்டம் சிவில் வேலை நியமனங்களை இயக்குநர்களிடமிருந்து பறித்துப் போட்டித் தேர்வுக்கு விட்டது. 24 பேர் 18 ஆனாங்க, அதில் 6 பேரை அரசாங்கமே நியமிக்கும். அதே சட்டத்தில் இயக்குநர் சம்பளம் 500 பவுண்டாக உயர்ந்தது.