நேரத்தை மெதுவாக்கிய உலகம்

ஒரே இணைய உலகத்துக்குள் ஒரே சமயத்தில் எத்தனை பேரை விடலாம்? "சர்வரை இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால் போச்சு"ன்னு தான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சரித்திரத்தைப் புரட்டியபோதுதான் சிக்கல் வேறு இடத்தில் இருப்பது புரிந்தது.

கணக்கு இதுதான். ஓரிடத்தில் 10 பேர் இருந்தால், ஒவ்வொருவர் செய்வதையும் மற்ற எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். கிட்டத்தட்ட 100 செய்திகள். 100 பேர் என்றால் 10,000. 1,000 பேர் என்றால் 10 லட்சம்! ஆள் பத்து மடங்கு கூடினால் வேலை நூறு மடங்கு கூடுகிறது.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' முழுக்க எழுத்தாலான உலகம். கூட்டமும் குறைவு, தாங்கியது. 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' ஒரே உலகைப் பல பிரதிகளாகப் பிரித்தது. மந்திரக்கல் ஒன்று உடைந்ததாம், ஒவ்வொரு சில்லிலும் ஓர் உலகமாம்! இயந்திரத்தின் போதாமைக்கு அழகாக ஒரு புராணம் கட்டிவிட்டார்கள். ஆனால் விலை உண்டு. நீங்க ஒரு சில்லில், உங்க நண்பர் இன்னொன்றில் என்றால் சந்திக்கவே முடியாது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி, 2003-ல் வெளிவந்த 'ஈவ் ஆன்லைன்' இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே பிரபஞ்சம். மண்டலங்களைப் பல கணினிகளுக்குப் பங்கு போட்டார்கள். ஆனால் ஒரு மண்டலத்தின் கணக்கு ஒரே ஒரு செயலி மையத்தில்தான் ஓடும். எல்லோரும் ஒரே மண்டலத்துக்குப் போருக்கு வந்துவிட்டால்? மற்ற கணினிகள் சும்மா கிடக்கும், அது மட்டும் மூச்சுத் திணறும். சுட்ட குண்டு எப்போது பாயும், பாயுமா என்பதே தெரியாது.

2011-ல் அவர்கள் அறிவித்த தீர்வு விசித்திரமானது. சுமை கூடினால் அந்த மண்டலத்தில் நேரத்தையே மெதுவாக்குவது! பத்தில் ஒரு பங்கு வேகம் வரை இறங்கலாம். விளையாட்டில் ஒரு விநாடி, நமக்குப் பத்து விநாடி.

2014 ஜனவரி 27-ல் இதற்குப் பெரிய சோதனை வந்தது. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்குக் கட்டவேண்டிய பராமரிப்புத் தொகை கட்டப்படாமல் போக, எதிரணி புகுந்தது. சுமார் 21 மணி நேரப் போர். மொத்தம் 7,548 பாத்திரங்கள் பங்கேற்க, ஒரே நேரத்தில் உள்ளே இருந்தது அதிகபட்சம் 2,670. டைட்டன் எனும் ராட்சதக் கப்பல்கள் மட்டும் 75 அழிந்தன. முழுக்கப் பத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே ஓடியதாக வைத்துக்கொண்டால், விளையாட்டுக்குள் அது வெறும் இரண்டு மணி நேரச் சண்டை!

முதலில் இதைப் படித்தபோது, "இது தீர்வா? தோல்வியை ஒத்துக்கொள்வது இல்லையா?" என்றுதான் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. கூட்டம் மிஞ்சினால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். சிலரை வெளியே நிறுத்தலாம், உலகைத் துண்டாக்கலாம், அல்லது யாருடைய கட்டளை நிறைவேறும் என்பதை அதிர்ஷ்டத்திடம் விடலாம். இவர்கள் வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த இழப்பு மட்டும்தான் இரு தரப்புக்கும் ஒரே அளவில் விழுகிறது.

அன்று தோற்றவர்களுக்கும் கப்பல் போனது. ஆனால் கணினி திணறியதால் தோற்றோம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் குறைவு.