உடல் கொழுப்பை மதிப்பிட எடையா, வயிற்றுச் சுற்றளவா?

2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடல் அளவுகளையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான்: 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யுட்கினுக்கு 9.1. ஆசியர்களுக்கென்று எச்சரிக்கை வரம்பை 23-க்கு இறக்கியும் யாஜ்னிக் அதற்குள் சிக்கவில்லை. ஆகவே வரம்பைக் குறைப்பதோடு நின்றுவிட முடியாது. அளக்கும் பொருளே மாறவேண்டும் என்பது என் வாதம்.

பி.எம்.ஐ. என்பது எடைக்கும் உயரத்தின் வர்க்கத்துக்குமுள்ள விகிதம். அதைப் பெல்ஜியத்தின் கெத்லே 19-ஆம் நூற்றாண்டில் கண்டது மக்கள் கூட்டத்தின் சராசரியை விவரிக்க. 1972-இல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைத் தந்தார். தனி ஆளின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டாது.

1974-இல் டர்னினும் வோமர்ஸ்லியும் வகுத்த தோல்மடிப்பு முறை இதைவிட நுட்பமானது. மேற்கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் என நான்கு இடங்களில் தோலைக் கிள்ளிப் பிடித்துக் காலிப்பரால் அளக்கவேண்டும். பயிற்சியில்லாத கை அளந்தால் எண் ஆளுக்கு ஆள் மாறும். குடலைச் சூழ்ந்த கொழுப்பும் அதன் பிடியில் அகப்படாது.

மிஞ்சுவது டேப். 170 செ.மீ. உயரம், 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 22.5, குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுச் சுற்றளவு 92 செ.மீ. என்றால், அது உயரத்தில் பாதியான 85-ஐத் தாண்டிவிட்டது. 2018-இல் வுல்காட்டும் பெர்க்மனும் தந்த சூத்திரப்படி, உயரத்தைச் சுற்றளவால் வகுத்து, 20-ஆல் பெருக்கி, 64-இலிருந்து கழித்தால் கொழுப்பு சுமார் 27 விழுக்காடு. பெண்களுக்கு 64-க்குப் பதில் 76. இச்சூத்திரம் அமெரிக்கத் தரவிலிருந்து பிறந்தது. நம்மவர்க்கு அதன் விழுக்காட்டை அப்படியே நம்பவேண்டியதில்லை. ‘உயரத்தில் பாதிக்குள் வயிறு’ என்ற விதிக்கு அந்தச் சிக்கல் குறைவு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸும் 2022-இல் அதைப் பரிந்துரைத்தது.

டேப் தவறுவது அதை வைக்கும் இடத்தில்தான். பேன்ட் சைஸைக் கேட்டு எழுதிக்கொள்வது அளவாகாது. தொப்பை விழுந்தவர் பெல்ட்டை அதற்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் பல ஆண்டுகளாக அதே சைஸையே சொல்வார். பெண்களுக்குச் சேலைக் கொசுவத்தின் மேல் டேப்பைச் சுற்றினால் சென்டிமீட்டர்கள் கூடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, வெறும் தோலின் மேல், இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும்போது அளக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. அமெரிக்க நெறிமுறையோ இடுப்பெலும்பின் உச்சியிலேயே அளக்கச் சொல்கிறது. இரண்டையும் கலந்தால் சென்ற ஆண்டு அளவோடு இந்த ஆண்டு அளவை ஒப்பிட முடியாது.

வயிற்றுச் சுற்றளவும் தோலடிக் கொழுப்பையும் உள்கொழுப்பையும் பிரித்துக் காட்டாதுதான். ஆனாலும் தராசு தவறவிடும் ஆளை அது பிடித்துவிடுகிறது. செலவு ஒரு டேப் மட்டுமே. சர்க்கரை நோய் மலிந்த நாட்டில் ஓ.பி. சீட்டில் எடைக்குப் பக்கத்தில் வயிற்றுச் சுற்றளவுக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்பும் செவிலியருக்கு டேப் வைக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிப் பயிற்சி தரவேண்டும்.