குறிப்பாணையும் கூட்டமும்: தலைமையாசிரியர் – ஆசிரியர் மோதலின் வேர் குறித்து

தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் பகை மூண்ட பள்ளியைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு குணத்தில்தான் தொடங்குகிறது. அவருக்கு முன்கோபம் என்பார்கள். அந்த அம்மாவுக்குத் தலைக்கனம் என்பார்கள். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் தூண்டிவிடுகிறார்கள் என்று மறுதரப்பு சொல்லும். துறை விசாரணையும் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே போய், யாராவது ஒருவருக்கு மாறுதல் ஆணை தருவதில் முடிகிறது. குணத்துக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆள் மாறி, ஊர் மாறிய பிறகும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒரே மாதிரியான மோதல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே அதன் வேரைத் தலைமையாசிரியர் பதவியின் அமைப்பில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தலைமையாசிரியர் பெரும்பாலும் பணிமூப்பால் உயர்ந்தவர். போன வருடம்வரை வேறொரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். எந்த ஆசிரியர் தன் பள்ளிக்கு வர வேண்டும் என்பதில் அவருக்குக் குரல் இல்லை. அதைக் கலந்தாய்வு முடிவு செய்கிறது. தண்டிப்பதிலும் அப்படித்தான்: அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) சிறு தண்டனைகளுக்கானது. 17(ஆ) பணிநீக்கம்வரை போகக்கூடியது. ஆசிரியர்கள் ‘17 பி’ என்று அஞ்சிச் சொல்வது இதைத்தான். அந்தப் பெருந்தண்டனை அதிகாரமும் மேலிடத்தில்தான் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் எஞ்சுவது தற்செயல் விடுப்பு, கால அட்டவணை, வராதவரின் பாடவேளையை யார் பார்ப்பது, வருகைப் பதிவேட்டில் எப்போது சிவப்பு மை போடுவது என்பன போன்ற சிறு அதிகாரங்கள். இவைதான் ஓர் ஆசிரியரின் அன்றாடத்தைத் தொடுகின்றன. கைக்குழந்தையை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வரும் ஆசிரியைக்குப் பத்து நிமிடத் தாமதத்தின் மீதான தீர்ப்பு, அரசாணை எதையும்விடப் பெரிது. மோதல் அற்ப விஷயங்களில் வெடிக்கிறது என்று வெளியார் வியப்பது இதனால்தான். தலைமையாசிரியர் ஆளக்கூடிய இடமே அவ்வளவுதான்.

மேலிருந்து இறங்கும் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் மாவட்ட அளவில் தேர்ச்சி ஆய்வுக் கூட்டம் நடக்கும். விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் சக தலைமையாசிரியர்கள் முன்னால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையின் கதையை அங்கே கேட்பார் இல்லை. அந்த அவமானத்தோடு திரும்புகிறவர் மறுநாளே காலை, மாலைச் சிறப்பு வகுப்புகளை அறிவிக்கிறார், சனிக்கிழமையையும் சேர்க்கிறார். ஆசிரியர்களுக்குத் தெரிவது சுற்றறிக்கைப் பதிவேட்டில் உள்ள நான்கு வரியும் கையெழுத்துக்கான கட்டமும் மட்டுமே. தனக்கு நேர்ந்ததை அவர் சொல்வதில்லை. சொன்னால் பதவியின் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறார். என் மதிப்பீட்டில், மனக்கசப்பு பகையாகத் திரும்பும் புள்ளி இதுவே. கண்டிப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் காரணம் சொல்லப்படாத கண்டிப்பைப் பொறுப்பதில்லை.

அதன்பின் காகிதம் பேசத் தொடங்குகிறது. எதிரெதிர் அறையில் இருப்பவர்கள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் விளக்கக் கடிதமும் பரிமாறிக்கொள்கிறார்கள். பதில் சொல்ல முறையான மேடை இல்லாதபோது மொட்டைக் கடிதம் போகிறது. சங்கப் பொறுப்பாளர் வருகிறார். தகவல் உரிமைச் சட்டத்தில் பள்ளிக் கணக்கு கேட்கப்படுகிறது. இவற்றை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பது தவறு. அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பு எதுவானாலும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் சொன்னது 2008இல்தான். 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூவர் அமர்வு அதை உறுதிசெய்தது. இவ்வளவு அடிப்படையான உரிமைக்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்த நிர்வாக மரபு நம்முடையது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அது சரியான ஏற்பாடே. ஆனால் தலைமையாசிரியரோடு ஆசிரியருக்குள்ள மனக்கசப்பைப் பேசித் தீர்க்க அது ஏற்ற இடமல்ல.

சிகாகோவில் எல்லா ஃபிளாக் யங் என்ற கல்வியாளர் 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே, தத்துவவாதி ஜான் டூயியிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வில் தலைமைக்கும் ஆசிரியருக்கும் இடையிலான இந்தப் பிளவைத் தொட்டார். மேலே சிந்தனை, கீழே நிறைவேற்றம் என்று பள்ளி பிரிந்தால் ஆசிரியர் தனித்துப்போகிறார் என்பது அவர் கவலை. ஆசிரியர் மன்றங்கள் வேண்டும் என்றார். 1909இல் அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகவே ஆனார். அதே சிகாகோவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி முதல்வரை நான்காண்டு ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய பள்ளி மன்றங்களுக்குத் தந்தது. அந்தச் சீர்திருத்தக் காலத்தை ஆராய்ந்த பிரைக்கும் ஷ்னைடரும், முதல்வர், ஆசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளே முன்னேறும் வாய்ப்பை அதிகம் பெற்றன என்று 2002இல் எழுதினார்கள்.

இதைக் கொண்டு ஆசிரியர் பெரும்பான்மை எப்போதும் சரி என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. லண்டன் இஸ்லிங்டனில் வில்லியம் டின்டேல் பள்ளிக்கு 1974இல் டெர்ரி எல்லிஸ் தலைமையாசிரியரானார். பள்ளியை நடத்தும் முறையில் அவரும் ஆசிரியர்களில் பெரும்பாலோரும் ஒரே கருத்தினர். எதிர்த்தவர்களில் முன்னின்றவர் ஒரு பகுதிநேர ஆசிரியை. உள்ளே ஒற்றுமை இருந்தும் பெற்றோர் பிள்ளைகளை விலக்கிக்கொண்டார்கள். 1975இல் வேலைநிறுத்தம், பிறகு ராபின் ஆல்ட் தலைமையில் பொது விசாரணை, 1976இல் அறிக்கை என்று போனது அந்த விவகாரம். ஆசிரியர்களுக்குப் பிடித்த தலைமை பிள்ளைகளுக்கு நல்ல தலைமையாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வகுப்புக்குப் போகாதவரைக் கேள்வி கேட்டு வெறுப்பைச் சம்பாதித்த தலைமையாசிரியர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைத் துறை கைவிடக் கூடாது. வெறுப்பின் அளவைக் கொண்டு தலைமையை எடைபோட முடியாது. உத்தரவுக்குக் காரணம் சொல்லப்பட்டதா, அது தலைமையாசிரியரையும் கட்டுப்படுத்தியதா, மறுப்புச் சொன்னவர் பழிவாங்கப்படாமல் இருந்தாரா என்று பார்த்தே எடைபோட வேண்டும்.

இவற்றைச் சோதிக்க ஓர் இடம் வேண்டும். அது ஏற்கனவே இருக்கிறது: ஆசிரியர் கூட்டம். இன்று அங்கே பெரும்பாலும் தலைமையாசிரியர் அறிவிக்கிறார், மற்றவர்கள் கையெழுத்திடுகிறார்கள். மாதம் ஒரு முறை கூட்டம், ஆசிரியர்களும் பொருள் சேர்க்க உரிமை, மாற்றுக்கருத்து பெயரோடு பதிவேட்டில் ஏறுவது, குறிப்பாணைக்கு முன் நேரில் ஒரு பேச்சு, இரு தரப்பும் கேட்டால் வட்டார அளவில் ஒரு சமரசக் குழு ஆகியவை வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. பள்ளிக் கல்வி இயக்குநரின் செயல்முறைகளாக ஒரு கடிதம் போதும். அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன் துறை அதை வெளியிட வேண்டும்.